கோடும் விதியும்

ஒருவருடைய மனத்தில் உருவான யந்திரத்தை, அவரை நேரில் கண்டறியாத மற்றொருவர் தொலைவிலுள்ள வேறோர் ஊரில் இருந்துகொண்டு இம்மியும் பிசகாமல் செய்து முடிக்க வேண்டுமானால், அவ்விருவருக்கும் நடுவே சந்தேகத்துக்குச் சிறிதும் இடம் தராத ஒரு சாதனம் இருந்தாக வேண்டும். பேச்சு அதற்குப் போதாது, எழுத்தும் போதாது. எத்துணைச் சொல்வன்மை உடையவராயினும், ஒரு பம்பின் கூட்டுக்குள் நீர் சுழன்று வெளியேறும் பாதை எந்த இடத்தில் எவ்வளவு அகன்று வளைகிறது என்பதை வாக்கியங்களால் விளக்கி, கேட்பவரின் கையால் அதே கூட்டைச் செய்வித்துவிட முடியாது. ஓவியரின் படமும் இங்கே பயன்படாது. ஓரிடத்தில் நின்று நோக்குகிறவருடைய கண்ணுக்குப் பொருள் எவ்வாறு தோன்றுகிறது என்பதை அது சொல்லுமேயன்றி, பொருளின் மெய்யான அளவுகளைச் சொல்வதில்லை. இந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்ததுதான் பொறியியல் வரைபடம். அந்த வரைபடம் இன்று காகிதத்தை விட்டுக் கணினித் திரைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இந்தக் குடிபெயர்ச்சியால் எது மாறியது, எது மாறவில்லை என்று தெளிந்துகொள்ளாமல் நம் கல்லூரிகளில் பொறியியலைச் செவ்வையாகக் கற்பிக்க இயலாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பொறியியல் வரைபடத்துக்கு விஞ்ஞான ரீதியான அஸ்திவாரம் இட்டவர் காஸ்பர் மோன்ஜ் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர். 1746ஆம் ஆண்டு போன் என்ற ஊரில் எளிய வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்த அவருக்கு, பிரபு குலத்தில் பிறவாத காரணத்தால், மெசியர் நகரத்து ராணுவப் பொறியியல் பள்ளியில் படம் வரையும் சிற்றூழியம்தான் முதலில் கிடைத்தது. எதிரியின் பீரங்கிக்கு இலக்காகாதபடி ஒரு கோட்டையின் சுவர்களை எவ்வாறு அமைக்க வேண்டும் என்று கணிக்கும் வேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நீண்ட எண் கணக்குகளைப் போட்டு மெல்ல மெல்லச் செய்துவந்த அந்த வேலையை மோன்ஜ் வடிவ கணிதத்தின் துணைகொண்டு வெகு விரைவில் முடித்துக் கொண்டுபோய்க் காட்டியபோது, இத்தனை சீக்கிரத்தில் சரியான விடை வந்திருக்க முடியாது என்று சொல்லி மேலதிகாரி அதைப் பார்வையிடவே மறுத்துவிட்டார். உண்மை விளங்கிய பிறகு, அந்த முறை ராணுவ ரகசியமாகப் பல ஆண்டுகள் காக்கப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னர், 1795இல் ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்கு அவர் நிகழ்த்திய விரிவுரைகளும், 1799இல் வெளிவந்த அவற்றின் நூல் வடிவமும்தான் அதை உலகத்தின் பொதுச் சொத்தாக்கின.

மோன்ஜின் முறை கேட்பதற்கு எளியது. ஒரு பொருளுக்குக் கீழே கிடையாக ஒரு தளம், பின்னே செங்குத்தாக ஒரு தளம் ஆக இரண்டு தளங்களைக் கற்பனை செய்துகொண்டு, பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் இரு தளங்களுக்கும் செங்குத்துக் கோடுகளை இறக்கினால், ஒன்றில் மேற்பார்வைப் படமும் மற்றொன்றில் முகப்புப் படமும் பதியும். பிறகு ஒரு தளத்தை, இரண்டும் சந்திக்கும் கோட்டை அச்சாகக் கொண்டு மடக்கிவிட்டால், முப்பரிமாணப் பொருள் முழுவதும் ஒரே காகிதத்தில் அடங்கிவிடும். இதிலுள்ள அருமை என்னவென்றால், இரண்டு படங்களும் தனித்தனியானவை அல்ல. ஒன்றிலுள்ள புள்ளிக்கு மற்றொன்றில் நேர்கோட்டில் உரிய இடம் விதிக்கப்பட்டிருக்கிறது. அந்த விதியை மீறினால், வரைந்த படத்துக்கு உலகத்தில் ஒரு பொருளும் பொருந்தாது. பாரிஸில் பின்னாளில் எகோல் பாலிடெக்னிக் என்று புகழ்பெற்ற கல்விக்கூடம் 1794ஆம் ஆண்டு தொடங்கப்பட்டபோது அதன் ஸ்தாபகர்களுள் ஒருவராக விளங்கிய மோன்ஜ், இந்தக் கலையைப் பாடத்திட்டத்தின் நடுவிலேயே வைத்தார். அதே 1794ஆம் ஆண்டில்தான் சென்னையில், இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு வித்தாக அமைந்த நில அளவைப் பள்ளி தோன்றியது. ஒன்று புரட்சி அரசாங்கத்தின் தேவைக்காகவும் மற்றொன்று கம்பெனி அரசாங்கத்தின் தேவைக்காகவும் பிறந்தவை. எனினும் அளப்பதும் வரைவதும் இரண்டுக்கும் பொதுவாகவே இருந்தன.

அதற்குப் பிந்திய ஒன்றரை நூற்றாண்டுக் காலம் வரைபலகையின் காலம். டி-ஸ்கொயர், செட்-ஸ்கொயர், மெல்லிய படித்துணி, இந்தியா மை, பிழையைச் சுரண்டி எடுக்கும் கத்தி ஆகியவற்றோடு டிராஃப்ட்ஸ்மேன்கள் வரிசை வரிசையாக அமர்ந்து வரைந்தார்கள். ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த நீலப்பட முறை, மூலப் படத்தைப் பல பிரதிகளாக்கிப் பட்டறைகளுக்கு அனுப்பும் வசதியைப் பின்னாளில் தந்தது. கப்பல் கட்டும் தளங்களில், வளையும் மரச்சட்டங்களைக் கனமான எடைகளால் ஆங்காங்கே அழுத்திப் பிடித்து, கப்பலின் வளைவுகளை முழு அளவிலேயே தரையில் வரைந்தார்கள். இவர்களுடைய கைத்திறன் போற்றுதற்குரியது. ஆயினும் காகிதத்துக்கு ஒரு குறை உண்டு. தன்மேல் வரையப்பட்டது இன்னதென்று அதற்குத் தெரியாது. 25 மில்லிமீட்டர் தண்டு ஒன்று 30 மில்லிமீட்டராக வேண்டும் என்று தலைமைப் பொறியாளர் தீர்மானித்துவிட்டால், அந்தத் தண்டு தோன்றும் ஒவ்வொரு தாளையும், அதைத் தாங்கும் பேரிங், அதன்மேல் ஏறும் சக்கரம், அதைச் சூழும் மூடி ஆகியவற்றின் தாள்களையும் தேடி எடுத்து, ஒன்றும் விடாமல் கையால் திருத்தியாக வேண்டும். எது எதோடு உறவுடையது என்ற அறிவு முழுவதும் அந்த மனிதரின் தலைக்குள் இருந்தது. அவர் ஓய்வு பெற்றுப் போனால் அதுவும் அவரோடு போயிற்று.

காகிதத்தின் இந்த அறியாமைக்கு மாற்றுக் கண்டவர் ஐவன் சதர்லாண்ட். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கிளாட் ஷானன் என்ற பேரறிஞரின் மேற்பார்வையில் ஆராய்ச்சி செய்துவந்த அவர், ஸ்கெட்ச்பேட் என்று பெயரிட்ட தமது திட்டத்தை 1963 ஜனவரியில் ஆய்வேடாகச் சமர்ப்பித்தபோது அவருக்கு வயது 24. லிங்கன் ஆய்வுக்கூடத்தில் இருந்த டி.எக்ஸ்-2 என்னும் பெருங்கணினியின் சிறிய திரையில், ஒளிப்பேனா ஒன்றைத் தொட்டு நகர்த்தி அவர் படம் வரைந்தார். அந்நாளில் கணினியிடம் எதையேனும் செய்விக்க விரும்பியவர்கள், துளையிட்ட அட்டைகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருப்பதே வழக்கமாயிருக்க, மனிதரும் யந்திரமும் ஒரே படத்தின்மேல் உடனுக்குடன் உரையாட முடியும் என்பதே ஆச்சரியமாயிருந்தது. எனினும் ஸ்கெட்ச்பேடின் மேன்மையை ஒளிப்பேனாவில் தேடுகிறவர்கள் புறத்தோற்றத்தில் மயங்கியவர்கள் என்றே கூறுவேன்.

மேன்மை வேறிடத்தில் இருந்தது. சதர்லாண்டின் திரையில் ஒருவர் ஆறு பக்கங்களையுடைய கோணல்மாணலான உருவம் ஒன்றைக் கைபோன போக்கில் வரையலாம். பிறகு, அதன் முனைகள் எல்லாம் ஒரு வட்டத்தின்மேல் இருக்க வேண்டும், பக்கங்கள் யாவும் சமமாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டால், கணினி அந்தக் கோணலைத் தானே சரிசெய்து, குற்றமற்ற அறுகோணமாக்கிக் காட்டும். அந்த அறுகோணத்தை மூலமாகக் கொண்டு நூற்றுக்கணக்கான பிரதிகளை அடுக்கித் தேன்கூடு போன்ற பரப்பு ஒன்றை அமைத்துவிட்டு, பிற்பாடு மூலத்தின் வடிவத்தை மாற்றினால், பிரதிகள் அனைத்தும் அக்கணமே மாறும். பாலத்தின் சட்டங்களை வரைந்து, சுமை இன்ன இடத்தில் இருக்கிறது என்று குறித்துவிட்டால், ஒவ்வொரு சட்டத்திலும் இயங்கும் விசையை எண்களாகவும் அது காட்டியது. இங்கே கோடு என்பது மையின் தடம் அன்று. அது மற்றக் கோடுகளோடு தனக்குள்ள உறவை அறிந்த ஒன்று. இது அதற்கு இணையானது, அது இதற்குச் செங்குத்தானது, இவ்விரண்டும் சம நீளமுள்ளவை என்னும் விதிகளே மெய்யான வரைபடம். திரையில் தெரிவது அவ்விதிகளின் விளைவு. மோன்ஜ் இரண்டு படங்களுக்கு நடுவே கண்ட கட்டுப்பாட்டை, சதர்லாண்ட் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் குடியேற்றிவிட்டார். கணினி வழி வடிவமைப்பு என்று நாம் இன்று வழங்கும் கலை முழுவதும் இந்த ஒரு கருத்தின் விரிவு என்றால் மிகையாகாது.

அதே காலத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்தின் இக்கரையில், மோட்டார் வண்டிகளின் வளைந்த மேனியைப் பற்றிய கவலை பிரெஞ்சு நிபுணர்களைப் பிடித்திருந்தது. நேர்கோட்டையும் வட்டத்தையும் கணினிக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். கலைஞர் ஒருவர் களிமண்ணில் வழித்தெடுத்த வளைவை எவ்வாறு சொல்வது? களிமண் மாதிரியிலிருந்து வரைபடமும், வரைபடத்திலிருந்து அச்சும், அச்சிலிருந்து தகடும் உருவாகும் ஒவ்வொரு கட்டத்திலும் வளைவு சிறிது சிறிதாகத் திரிந்துபோய், கடைசியில் கதவு சட்டத்தில் பொருந்தாவிட்டால் குற்றம் யாருடையது என்று தீர்மானிப்பதும் அரிதாயிற்று. சித்ரோயன் கம்பெனியில் வேலை பார்த்த போல் தெ காஸ்தெல்ஜோ என்ற கணித அறிஞர் 1959இல் இதற்கு அற்புதமான ஒரு வழியைக் கண்டுபிடித்தார். கம்பெனி அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. அவ்வழியையே சில ஆண்டுகளில் ரெனோ கம்பெனியின் பொறியாளரான பியர் பெசியர் தனியாகக் கண்டு, யூனிசர்ஃப் என்னும் தம் வடிவமைப்புத் திட்டத்தில் கையாண்டு, பகிரங்கமாக எழுதியும் வந்தமையால், அவர் பெயரே அவ்வளைவுக்கு நிலைத்துவிட்டது. ரகசியம் காப்பவர்களுக்கு விஞ்ஞான சரித்திரம் அளிக்கும் தண்டனை இது. ஆனால் தண்டனை கம்பெனிக்கு நேராமல் அதன் ஊழியருக்கு நேர்ந்ததுதான் வருத்தத்துக்குரியது.

அந்த வழியைப் பென்சிலும் காகிதமும் வைத்திருக்கும் எந்த வாசகரும் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். காகிதத்தில் மூன்று புள்ளிகளை ஒரே நேர்கோட்டில் அமையாதபடி குறித்து, முதலாவதை இரண்டாவதோடும் இரண்டாவதை மூன்றாவதோடும் இணையுங்கள். இந்த இரண்டு கோடுகளின் நடுப்புள்ளிகளையும் குறித்து, அவற்றை ஒரு புதிய கோட்டால் இணைத்து, அப்புதிய கோட்டின் நடுப்புள்ளியையும் குறித்தால், அது நாம் தேடும் வளைவின்மேல் இருக்கும். பாதி என்பதற்குப் பதிலாகக் கால் பங்கு, முக்கால் பங்கு என்று எந்தப் பின்னத்தை எடுத்துக்கொண்டு இதையே செய்தாலும் வளைவின் வேறொரு புள்ளி கிடைக்கும். இப்படிக் கிடைக்கும் புள்ளிகள் யாவும் சேர்ந்து, முதற்புள்ளியில் தொடங்கி மூன்றாவதில் முடியும் ஒரு மென்மையான வளைவாகின்றன. முதலில் குறித்த மூன்றனுள் இரண்டாவது புள்ளியோ வளைவைத் தொடாமலே அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டாவது புள்ளியை நகர்த்தினால் வளைவு முழுவதும் வழுவழுப்புக் கெடாமல் மாறுகிறது. கூட்டல், பெருக்கல் என்பவற்றுக்கு மேல் இதற்குக் கணிதம் வேண்டாம். நான்கு புள்ளிகளை எடுத்துக்கொண்டால் இன்னும் நுட்பமான வளைவுகள் கிடைக்கும். வளைவுகளை வலைபோலப் பின்னினால் பரப்புகள் கிடைக்கும். கணினி எழுத்துருக்கள் இவ்வகை வளைவுகளால் ஆனவை. ஆகவே தமிழ் ‘ஐ’காரத்தின் சுழிகளும் ‘ண’கரத்தின் வளையங்களும் இன்று மோட்டார் வண்டிக்காகப் பிறந்த ஒரு கணிதத்தால்தான் அச்சாகின்றன. செங்கற்பட்டுக்கு அருகே மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் இயங்கும் ரெனோ–நிஸான் தொழில்நுட்ப மையத்தில் தமிழ் இளைஞர்கள் திரைக்கு முன் அமர்ந்து இழுக்கும் புள்ளிகள் பெசியர் இழுத்த அதே புள்ளிகள்தாம்.

1982ஆம் ஆண்டு சிறிய கணினிகளில் ஓடக்கூடிய ஆட்டோகேட் வந்த பிறகுதான் இந்தக் கலை பெருங்கம்பெனிகளின் வாசலைத் தாண்டிச் சிறு பட்டறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் எட்டியது. ஆனால் அது பெரும்பாலும் காகிதத்தையே திரைக்குக் கொண்டுவந்தது. கோடு வேகமாகவும் சுத்தமாகவும் விழுந்ததேயன்றி, தன் உறவுகளை அறியவில்லை. சதர்லாண்டின் கருத்துத் தொழிற்சாலையில் முழு வடிவம் பெற்றது 1980களின் இறுதியில், சாமுவேல் கெய்ஸ்பெர்க் என்பவர் உருவாக்கிய ப்ரோ-என்ஜினியர் என்ற மென்பொருளினால். அதில் ஒரு பொருளை அமைப்பது என்றால், எந்த அளவு எந்த அளவை ஆள்கிறது என்று வரிசையாக விதித்துக்கொண்டே போவது. குழாயின் முனையிலுள்ள வட்டமான ஃப்ளாஞ்சில் ஆறு போல்ட் துளைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவர் அந்த ஆறு துளைகளையும் தனித்தனியே அளந்து ஆறு இடங்களில் வைக்கிறார். மற்றொருவர், துளைகளின் மையங்கள் ஒரு வட்டத்தின்மேல் சம இடைவெளியில் அமைய வேண்டும் என்றும், அவ்வட்டம் ஃப்ளாஞ்சின் வெளிவிளிம்பிலிருந்து இன்ன தூரம் உள்ளே இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறார். திரையில் இரண்டு ஃப்ளாஞ்சுகளும் அச்சு அசலாக ஒன்றே. பெரிய குழாய்க்காக ஃப்ளாஞ்சின் விட்டத்தைக் கூட்டும்போதோ, முதல் மாணவரின் துளைகள் பழைய இடத்திலேயே நின்றுவிட, இரண்டாமவருடையவை விளிம்போடு சேர்ந்து நகர்கின்றன. இருவரும் அறிந்த கட்டளைகள் ஒன்றே. அழுத்திய பொத்தான்களும் ஏறக்குறைய ஒன்றே. பொருள் எதற்காக அவ்வாறு இருக்கிறது என்று யோசித்தவர் ஒருவர். எவ்வாறு தோன்றுகிறது என்று மட்டும் பார்த்தவர் மற்றவர். இவ்விருவருக்கும் உள்ள வேற்றுமையே இக்கலையின் திறமை என்று சொல்லத்தக்கது.

இந்த முறை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு போயிங் 777 விமானம் சாட்சி. 1994 ஜூன் 12ஆம் தேதி முதன்முதலாகப் பறந்த அது, முழுவதும் கணினியின் முப்பரிமாண வடிவமைப்பினாலேயே உருவான முதல் ஜெட் பயணி விமானம் என்று போயிங் நிறுவனத்தாரால் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம், குழாய்களும் கம்பிகளும் ஒன்றோடொன்று முட்டாமல் செல்கின்றனவா என்று பார்ப்பதற்காகவே மரத்தாலும் உலோகத்தாலும் முழு அளவு மாதிரி விமானம் செய்து பார்ப்பது வழக்கம். 777க்கு மூக்குப் பகுதியின் மாதிரி ஒன்றை மட்டும் செய்து பார்த்து, திரையில் பொருந்தியவை கையிலும் பொருந்துவதைக் கண்டு, மற்ற மாதிரிகளைக் கைவிட்டார்கள். பிரான்ஸின் தஸ்ஸோ நிறுவனம் உருவாக்கிய காட்டியா என்ற மென்பொருளின் மூலம், வடிவமைப்போரும் செய்வோரும் பழுது பார்ப்போரும் ஒரே குழுக்களாக அமர்ந்து ஒரே உருவத்தைப் பார்த்தார்கள். ஜப்பானில் செய்யப்பட்ட பகுதிகளும் அமெரிக்காவில் செய்யப்பட்ட பகுதிகளும் சேர்ந்தபோது, ஒழுங்கு பிசகியது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அளவே என்று அந்நிறுவனம் பெருமையோடு கூறியது.

அதே காட்டியாவைக் கையாண்ட ஏர்பஸ் நிறுவனத்துக்கு நேர்ந்த இடர் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஏ380 என்னும் ஈரடுக்கு விமானம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்கம்பிகள் ஓடுகின்றன. ஹாம்பர்க்கிலிருந்த பொறியாளர்கள் அம்மென்பொருளின் நான்காம் பதிப்பையும், துலூஸில் இருந்தவர்கள் ஐந்தாம் பதிப்பையும் கையாண்டுவந்தார்கள். இரண்டும் பெயரளவில் உடன்பிறப்புகளே ஆயினும் உள்ளமைப்பில் வெவ்வேறானவை. ஒரு பக்கத்தில் செய்த திருத்தம் மறுபக்கத்துக்குச் செம்மையாகப் போய்ச் சேரவில்லை. எடையைக் குறைப்பதற்காகச் செம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பிகளைப் பல இடங்களில் இட்டிருந்தார்கள். அலுமினியக் கம்பியைச் செம்பைப் போல இறுக்கி வளைக்க முடியாது. கட்டுக்கட்டாக வந்திறங்கிய கம்பிகள் உரிய துளைகளை எட்டாமல் நின்றன. கைதேர்ந்த தொழிலாளர்கள் ஜெர்மனியிலிருந்து துலூஸுக்கு வந்து, விமானத்துக்குள்ளேயே கம்பிகளைப் பிரித்துக் கோக்க நேர்ந்தது. விமானம் ஏறத்தாழ இரண்டு ஆண்டு தாமதித்து, 2007 அக்டோபரில் முதல் வாடிக்கையாளரான சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டே ஏர்பஸ் தலைவர் பதவி விலகியிருந்தார். கோடுகளுக்குள் உறவுகளைக் குடியேற்றிய கணினி, இரண்டு நகரத்து மனிதர்களின் நடுவே உறவைத் தானாக உண்டாக்கிவிடவில்லை.

திரைக்குத் தெரியாத விஷயங்கள் இன்னும் பல. 25 மில்லிமீட்டர் துளைக்குள் 25 மில்லிமீட்டர் தண்டைத் திரையில் வைத்துப் பாருங்கள். மிக அழகாகப் பொருந்தும், தடையின்றிச் சுழலவும் செய்யும். பட்டறையிலோ 25 என்ற அளவு ஒன்று கிடையாது. 25க்கு அருகிலுள்ள அளவுகள்தாம் உண்டு. எனவே அறிந்தவர் துளைக்கு எச்7 என்றும் தண்டுக்கு ஜி6 என்றும் வரைபடத்தில் குறிக்கிறார். அதன் பொருள், துளை 25.000 முதல் 25.021 வரையிலும், தண்டு 24.980 முதல் 24.993 வரையிலும் எந்த அளவில் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது. அப்போது இரண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளி ஒருபோதும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு பங்குக்குக் குறையாது, நாற்பத்தொரு பங்கை மீறாது. எண்ணெய்ப் படலம் நிற்கும், தண்டு ஆடாது. இதைவிட நெருக்கமாக விதித்தால் செலவு ஏறும். தளர்த்தினால் யந்திரம் கடகடக்கும். எவ்வளவு நெருக்கம் போதும் என்று தீர்மானிக்கும் பொறுப்பை எந்த மென்பொருளும் ஏற்றுக்கொள்வதில்லை.

கோயம்புத்தூர் பவுண்டரிகளில் பம்பு வார்ப்பவர்களிடம் ஒரு நாள் நின்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் பத்து மில்லிமீட்டர் சுருங்கும். ஆதலால் மணலில் அச்சுப் பதிக்கும் மாதிரியான பேட்டர்னைச் செய்பவர் அதை அந்த அளவு பெரிதாகவே செய்கிறார். மணலிலிருந்து பேட்டர்னை உருவியெடுக்கும்போது மணல் சரியாதிருக்கப் பக்கச் சுவர்களுக்கு ஓரிரு பாகை சரிவு கொடுக்கிறார். பின்னால் கடைசல் பிடிக்க வேண்டிய முகங்களில் சில மில்லிமீட்டர் உலோகம் கூடுதலாக விடுகிறார். கனமான சுவரும் மெல்லிய சுவரும் சந்திக்கும் மூலையில் உலோகம் பிந்தி உறைந்து உள்ளே பொக்கையாகும் என்று அஞ்சி, அங்கே வளைவு கேட்கிறார். திரையில் செங்குத்தான சுவர்களும் கூரிய மூலைகளுமாகப் பம்பின் கூட்டை மிக அழகாக அமைத்துவிட்டு, அது பட்டறையிலிருந்து திரும்பி வரும்போது திகைத்து நிற்கும் இளம் பொறியாளர் மென்பொருளில் குறைந்தவர் அல்லர். மணலை அறியாதவர், அவ்வளவே. அவருக்கு அதை யாரும் காட்டவில்லை.

கணினியின் விடையை ஆராயாமல் ஏற்பதால் வரும் விபரீதத்துக்கு நார்வே நாட்டின் ஸ்லெய்ப்னர் எண்ணெய் மேடை நிரந்தர உதாரணம். 1991 ஆகஸ்டு 23ஆம் தேதி, ஸ்டாவங்கர் நகரத்துக்கு அருகேயுள்ள கடற்கழியில், அதன் பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளத்தை நீரில் மெல்ல அமிழ்த்திச் சோதித்தபோது, உட்சுவர் ஒன்று பிளந்து, முழு அமைப்பும் மூழ்கிச் சிதறியது. உயிர்ச்சேதம் இல்லை; நஷ்டம் சுமார் 70 கோடி டாலர். ஒரு பொருளைச் சிறு சிறு துண்டுகளாகப் பகுத்து ஒவ்வொன்றிலும் இயங்கும் விசையைக் கணினி கணக்கிடும் முறையில், சுவர்கள் கூடும் இடத்தைச் சரியான வடிவமற்ற துண்டுகளாகப் பகுத்திருந்தார்கள். அதனால் அங்கே இயங்கிய வெட்டுத் தகைவை 47 சதவீதம் குறைவாகக் கணினி கூறியது. சுவர்கள் அதற்கேற்ப மெலிந்துபோயின. புதிய மேடையை உடனே தொடங்க வேண்டியிருந்தபோது, மேடையைக் கட்டிய நிறுவனத்தின் பொறியாளர்கள் புதிய கணினிக் கணக்குகள் வரும்வரை காத்திராமல், இருபது ஆண்டுகளுக்கு முன் முதல் மேடைகளை எவ்வாறு அமைத்தார்களோ அவ்வாறே கைக்கணக்கினால் சுவர்களின் கனத்தைத் தீர்மானித்துக்கொண்டார்கள். கையால் தோராயமாக ஒரு விடையை முன்கூட்டியே போட்டு வைத்திருப்பவரைக் கணினி ஏமாற்ற முடியாது.

இனி, கல்வி. வடிவத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் ஆற்றல்தான் இந்தக் கலைக்கு மூலதனம். ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் 1971இல் வெளியிட்ட பரிசோதனையில், கட்டைகளால் ஆன இரண்டு உருவங்களைக் காட்டி, ஒன்றைத் திருப்பினால் மற்றொன்று ஆகுமா என்று கேட்டபோது, திருப்ப வேண்டிய கோணம் கூடக் கூட விடை சொல்லும் நேரமும் அதே விகிதத்தில் கூடியதைக் கண்டார்கள். பொருளைக் கையால் சுழற்றுவது போலவே மனமும் படிப்படியாகச் சுழற்றுகிறது. இந்த ஆற்றல் பிறவியிலேயே அமைந்தது, இல்லாதவருக்கு வராது என்று நம்மிடையே பலர் எண்ணுகிறார்கள். பெண்களுக்கு இது குறைவு என்ற பேச்சும் உண்டு. மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி என்னும் பேராசிரியை 1990களின் தொடக்கம் முதல் செய்துவந்த பணி இதைப் பொய்யாக்கியது. முதலாண்டிலேயே இந்த ஆற்றலைச் சோதித்து, பின்தங்கியவர்களுக்குக் கட்டைகளைக் கையில் கொடுத்து, அவற்றைப் பல கோணங்களிலிருந்து வெறுங்கையால் வரையச் செய்யும் சிறு பாடம் ஒன்றை அவர் அமைத்தார். அப்பியாசத்தால் அவர்கள் முன்னேறினார்கள். அவர்களுள் பெண்கள் பொறியியலைக் கைவிடாமல் தொடர்ந்து படித்த விகிதமும் உயர்ந்தது. பென்சில் பிடித்த கையின் வழியாக மனத்துக்குள் ஏறும் இந்தப் பயிற்சியை, திரையில் உருவத்தைச் சுண்டெலியால் சுழற்றுவது ஈடு செய்வதில்லை. அங்கே சுழற்றுவது கணினி.

நம் நாட்டில் நிலைமை இரு கோடிகளில் நிற்கிறது. முதலாண்டில் டிராஃப்டரும் பெரிய தாளுமாக, கூம்பைச் சாய்வாக வெட்டினால் என்ன வடிவம் தோன்றும் என்று மாணவர்கள் வரைகிறார்கள். அது எதற்கு என்று அவர்களிடம் சொல்வோர் அரிது. தகரக் குழாய்களை வெட்டி இணைக்கும் பட்டறைக்கு ஒரு நாள் அழைத்துச் சென்றிருந்தால் ஐந்தே நிமிஷத்தில் விளங்கியிருக்கும். நாலாவது ஆண்டிலோ, வேலை கிடைக்க வேண்டும் என்ற கவலையால் நகரத்துப் பயிற்சி நிலையங்களில் பணம் கட்டி, ஒரு மென்பொருளின் கட்டளைகளை மனப்பாடம் செய்து, சான்றிதழ் பெறுகிறார்கள். அந்த மென்பொருள் சில ஆண்டுகளில் முகம் மாறிவிடும். வேலை தரும் கம்பெனி வேறொன்றைக் கையாளும். இவ்விரண்டு கோடிகளுக்கும் நடுவே இருக்க வேண்டிய பாடம் காணப்படவில்லை. இவ்விஷயத்தில் ஐ.டி.ஐ.களின் டிராஃப்ட்ஸ்மேன் பிரிவு மாணவர்கள் பொறியியல் பட்டதாரிகளைவிடப் பல சமயங்களில் தெளிவாயிருப்பதற்குக் காரணம், அவர்கள் பட்டறைக்கு அருகில் இருக்கிறார்கள் என்பதுதான்.

அந்த நடுப்பாடத்துக்கு நான் விரும்பும் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாணவருக்கும் மெய்யான பொருள் ஒன்றைக் கொடுக்க வேண்டும். பழைய கேட் வால்வு, பெஞ்ச் வைஸ், பம்பின் மூடி எதுவாயினும் சரி. வெர்னியரால் அளந்து, முதலில் வெறுங்கையால் பென்சில் படம் போட்டு, பிறகு கணினியில் அமைக்கட்டும். ஆசிரியர் வந்து ஒரே ஒரு அளவை மாற்றச் சொல்லட்டும். உருவம் முறியாமல் மாறினால்தான் மதிப்பெண். அதன்பின் அந்த வரைபடம், வரைந்தவரின் பெயரின்றி, வேறொரு பிரிவு மாணவரிடம் பட்டறையில் கொடுக்கப்படட்டும். அவர் யாரிடமும் எதையும் கேட்காமல், தாளை மட்டும் பார்த்துப் பொருளைச் செய்ய வேண்டும். தடுமாறும் ஒவ்வோர் இடத்தையும், எந்த அளவு இல்லை, எந்த அளவு இரண்டு முறை வந்து முரண்படுகிறது, எங்கே கருவி நுழைய இடமில்லை என்று, தாளின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுத வேண்டும். அந்தத் தாள் வரைந்தவரிடமே திரும்பிப் போகும். அவர் ஒவ்வொரு குறிப்புக்கும் விடை கண்டு திருத்தி, திருத்த எண்ணும் தேதியும் இட்டு, இந்த முறை தம் பெயரோடு கையெழுத்திட்டுப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.